நூறாவது நபர் குணமடைந்தார்

கிரீஷ் குணமாகிவிட்டான் என்று அவனுடைய அப்பா ராஜகோபாலனிடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில் கிரீஷ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அம்மா ஏன் இன்னும் காபி கொண்டுவரவில்லை என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. காலையிலிருந்து அவன் அதைக் கேட்பது ஆறாவது தடவை. முதல் இரண்டு தடவை ராஜகோபாலன் உண்மையைச் சொன்னார். இரண்டு தடவையும் அவன் அப்போதுதான் கேள்விப்பட்டவனாக அழுதான். மூன்றாவது தடவையிலிருந்து, கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி அடையாறில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். விழா எடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பெயரைப் போட்டால் என்னையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திவிடுவார்கள். ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரீஷைப் பிழைக்க வைத்தவர்கள் அவர்கள்தான். தொண்ணூற்றாறு ஆகஸ்டில், கிண்டி தொழிற்பேட்டையில் வேலை முடிந்து மயிலாப்பூருக்கு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தவனை ஒரு தண்ணீர் லாரி தட்டிவிட்டுப் போயிற்று. ஹெல்மெட் ஸ்கூட்டர் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. நாற்பத்து மூன்று நாள் அவன் கண் திறக்கவில்லை. தலையில் இரண்டு ஆபரேஷன். ஆறு மாதம் கழித்து எழுந்து நடந்தான், சாப்பிட்டான், பேசினான். முப்பத்தாறு வயது இன்ஜினீயருக்கு நினைவும் நிதானமும் மட்டும் திரும்பவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன் நடந்தது மனசில் நிற்காது. கதவு திறந்திருந்தால் வெளியே போய் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறிவிடுவான். தடுத்தால் சில நாள் சிரிப்பான், சில நாள் அடிப்பான்.

மரியாதை அப்படியே இருந்தது. யார் விசாரித்தாலும் கைகூப்பி, "ரொம்ப நன்னா இருக்கேன். நீங்க எப்படி இருக்கேள்?" என்பான். மூன்று தலைமுறையாகக் கோவில் குளத்தருகே குடியிருக்கும் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை. அந்த வளர்ப்பை லாரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவனுக்குப் பிற்பாடு வந்த கேடெல்லாம் இந்த மரியாதையால்தான் வந்தது.

ராஜகோபாலனுக்கு எழுபது வயது. தந்தி ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். வேறு பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கு இதயம் சரியில்லை. இதே ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடிக்கு வரவழைத்து, இனிமேல் மாடி ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. எனக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பா?

குணமான செய்தியைக் கொண்டுவந்தது ஷ்ரேயா என்ற பெண். விடுவிப்பு ஆலோசகர் என்று சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள்.

"கன்கிராட்ஸ் அங்கிள். சனிக்கிழமை டிஸ்சார்ஜ்."

"குணமாயிடுத்துன்னு எப்படிம்மா சொல்றேள்? சில சமயம் அவனுக்கு நான் யாருன்னே தெரியலையே."

ஷ்ரேயா ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். "எங்க ஃபார்ம்ல மூணு கட்டம் இருக்கு அங்கிள். குணமடைந்தார். இறந்தார். மருத்துவர் ஆலோசனையை மீறி வெளியேறினார். இதுல கிரீஷுக்கு எதுல டிக் போடலாம்னு நீங்களே சொல்லுங்க."

ராஜகோபாலன் மூன்றையும் இரண்டு முறை படித்தார். "நாலாவதா ஒரு கட்டம் போட முடியாதாம்மா?"

"போடலாம் அங்கிள். ஆனா அதுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதே. முதல் கட்டத்துல வர்ற ஆளுங்க எல்லாம் அதுக்குப் போயிட்டா என்ன பண்றது?"

பிறகு அவள் ஒரு வழவழப்பான கையேட்டைக் கொடுத்தாள். அட்டையில் சூரிய உதயம். அதைப் பார்த்துக்கொண்டு கைகோத்து நிற்கும் நாலு பேர். 'இனி உங்கள் முன் ஐந்து பாதைகள்' என்று தலைப்பு. முதல் பாதை, சொந்த வீடு. இரண்டாவது, குடும்பத்தினருடன் வசித்தல். மூன்றாவது, நெருங்கிய உறவினர் இல்லம். நான்காவது, சிறப்பு இல்லங்கள் (இருப்பின்). ஐந்தாவது, மற்றவை.

"முதலாவதும் ரெண்டாவதும் ஒண்ணுதானேம்மா?"

"இல்லை அங்கிள். முதலாவது இடம். ரெண்டாவது மனுஷங்க."

"இந்த நாலாவது?"

"அதைக் குடும்பம்தான் தேடிக்கணும். நாங்க கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டா உங்களுக்கு ஈடுபாடு குறைஞ்சுடும் பாருங்க." அவள் எழுந்து நின்றாள். "இன்னொரு சந்தோஷமான விஷயம். தலையில அடிபட்டு வந்து எங்ககிட்ட குணமானவங்கள்ல கிரீஷ் நூறாவது ஆள். சனிக்கிழமை ஃபங்ஷன் வச்சிருக்கோம்."

சனிக்கிழமை ஆஸ்பத்திரியின் கலையரங்கில் குத்துவிளக்கு, நாதஸ்வரம் எல்லாம் இருந்தது. தலைமை டாக்டர் நிரஞ்சன் பேசினார்.

"இருபது வருடங்களுக்கு முன்னால் என்னைக் கேட்டார்கள். மூளையில் அடிபட்டவனைப் பிழைக்க வைக்கிறீர்களே, அதற்கப்புறம் அவன் என்ன செய்வான் என்று. இன்றுவரை அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஏனென்றால், அதற்குள் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உயிரைக் கொடுப்பது எங்கள் கடமை. வாழ்க்கையைக் கொடுப்பது சமுதாயத்தின் கடமை. எங்கள் பொறுப்பு எங்கள் கேட்டோடு முடிகிறது. அந்த கேட்டைத்தான் இந்த வருடம் கிரானைட்டில் கட்டியிருக்கிறோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் கிரீஷை மேடைக்கு அழைத்துப் போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைமை விருந்தினர் ஒரு சிமெண்ட் கம்பெனி முதலாளி. அவர் மைக்கை அவன் முன்னால் நீட்டி, எப்படி இருக்கிறீர்கள் என்றார். "ரொம்ப நன்னா இருக்கேன். நீங்க எப்படி இருக்கேள்?" என்றான் கிரீஷ். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. தட்டி முடித்ததும் அவன் மறுபடியும் அதையே சொன்னான். மூன்றாவது தடவையும் சொன்னான். முன்வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ராஜகோபாலனை நன்றி சொல்லச் சொன்னார்கள். அவர் செய்த தவறு இங்கேதான். தாளில் படித்த மூன்று கட்டங்களும் அவர் நெஞ்சில் இருந்தன; காலையில் அவன் நர்ஸைக் கடித்தது இருந்தது; எனக்கு அப்புறம் என்ற கேள்வி இருந்தது. ஆனால் மைக் பிடித்து நிற்கிற பெரிய மனுஷர் முன்னால் குறை சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. பந்தியில் பாயசம் தீய்ந்திருந்தாலும் பேஷ் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிற ஜாதி. "என் பிள்ளையை எனக்கு முழுசாத் திருப்பிக் கொடுத்திருக்கேள்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்து பார்த்தால் மேடையில் கிரீஷைக் காணோம். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. முக்கால் மணி நேரம் தேடி, அடையாறு பஸ் டிப்போவில் கிளம்பத் தயாராக இருந்த ஒரு பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், பொன்னாடையோடு கண்டுபிடித்தார்கள். டிக்கெட் கேட்டேன், சௌக்கியம் விசாரிக்கிறார் என்று கண்டக்டர் சொன்னார். இது மறுநாள் பேப்பரில் வரவில்லை. 'நூறாவது நபர் குணமடைந்தார்' என்ற தலைப்பும், படமும், 'முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள்: தந்தை நெகிழ்ச்சி' என்ற வரியும் வந்தன.

வீட்டில் முதல் பாதையும் இரண்டாம் பாதையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தன. இடம், மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. மனுஷர்கள், ராஜகோபாலனும் வேலைக்கு வரும் முனியம்மாளும். முதல் வாரத்திலேயே கிரீஷ் காஸைத் திறந்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டான். முனியம்மாள் வாசனை பிடித்து ஓடிவந்து மூடினாள். இரண்டாவது வாரம் சாந்தோம் கடற்கரையில் மீன்காரப் பெண்களோடு உட்கார்ந்திருந்தவனை அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மூன்றாவது வாரம், தெருவில் போகாதே என்று தடுத்த அப்பாவைக் கீழே தள்ளினான். தள்ளிவிட்டு, யார் இந்த மாமா, பாவம், விழுந்துட்டாரே என்று கைகொடுத்துத் தூக்கினான். ராஜகோபாலன் அன்றைக்குச் சமையலறையில் போய் நின்று அழுதார்.

"சாமி, நான் சொல்றேன்னு கோச்சிக்காத," என்றாள் முனியம்மாள். "உனுக்கு மூச்சு வாங்குது. எனுக்கு அம்பத்தெட்டு ஆவுது. கிரீசு தம்பி குண்டுக்கல்லாட்டம் கீது. நீ பூட்டா இத்த யாரு பாத்துப்பா? எங்கனா ஒரு எடம் பாரு சாமி, கையும் காலும் ஆடச்சொல்லோவே."

நான்காவது பாதையைத் தேடி ராஜகோபாலன் கிளம்பினார்.

முதலில் மனநலப் பிரிவு ஒன்றுக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் கிரீஷோடு இருபது நிமிஷம் பேசினார். அவன் அவருடைய சொந்த ஊரையும் குழந்தைகளின் படிப்பையும் விசாரித்தான். டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"உங்க பையனுக்கு மனநோய் கிடையாது சார். வருத்தப்படாதீங்க."

"அதுக்கு நான் வருத்தப்படலை டாக்டர். அவனைப் பாத்துக்க ஒரு இடம்."

"இங்க ஒரு கொள்கை இருக்கு. எதனால வந்ததுன்னு தெரியாத வியாதிதான் எங்களுது. இவர் விஷயத்துல காரணம் நல்லாத் தெரியுது. தண்ணி லாரி. தண்ணி லாரிக்கு நான் என்ன மாத்திரை எழுதறது, சொல்லுங்க. அடிபட்ட மூளையை ஆபரேஷன் பண்ணவங்கதான் பாக்கணும்."

"அவா குணமாயிடுத்துன்னு சொல்லிட்டாளே."

"பின்னே என்ன," என்றார் டாக்டர் சந்தோஷமாக. அவருக்கு அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. கிரீஷ் அவருக்குக் கைகுலுக்கி விடைபெற்றான்.

அடுத்து ஆதம்பாக்கம். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லம். வேப்பமரமும் ஊஞ்சலும் இருந்தன. உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ராஜகோபாலனுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. கண்காணிப்பாளர் ஜெயலக்ஷ்மி அம்மாள் அவருக்கு மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கேட்டார்:

"அடிபடறப்போ என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு முடிஞ்சு முப்பத்தாறு."

அவர் முகம் வாடிவிட்டது. "எங்க விதிப்படி பதினெட்டுக்குள்ள குறை வந்திருக்கணும் மாமா. அதுக்கப்புறம் வந்தா அது வளர்ச்சிக் குறைவு இல்லை. வளர்ந்தப்புறம் குறைஞ்சது. அதுக்கு வேற இடம்."

"அது எங்கே?"

"அது இல்லை," என்றார் ஜெயலக்ஷ்மி அம்மாள். நிஜமாகவே வருத்தப்பட்டார். "அந்த லாரி ஒரு பத்தொன்பது வருஷம் முன்னாடி வந்திருந்தா கண்ணை மூடிண்டு எடுத்துப்பேன்."

"அப்போ அவன் பி.யூ.சி. படிச்சிண்டிருந்தான்," என்றார் ராஜகோபாலன், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

ஜெயலக்ஷ்மி அம்மாள் மேஜை இழுப்பறையிலிருந்து, விழாச் செய்தி வந்த பேப்பர் துண்டை எடுத்தார். "அதோட, நீங்களே முழுசாத் திருப்பிக் கொடுத்துட்டான்னு சொல்லியிருக்கேளே. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

மூன்றாவதான உறவினர் பாதையை அவர் சீக்கிரம் முடித்துவிட்டார். நங்கநல்லூரில் இருந்த அவருடைய தம்பி, போனை எடுத்ததும் பேப்பரில் பார்த்ததாகவும் தாம்பாளத்தில் பழத்தோடு வரப்போவதாகவும் சொன்னார். என்ன விஷயம் என்று தெரிந்த பிறகு வரவில்லை.

மிச்சம் இருந்தது அரசாங்க நலத்துறை. அங்கே ஊனச் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி கிரீஷின் கை, கால், முழங்கை, விரல் எல்லாவற்றையும் மடக்கி, நீட்டி, டேப் வைத்து அளந்தார். அரை மணி நேர வேலை. முடிவில் எல்லாம் நூற்றுக்கு நூறு வந்தது.

"உங்க பையன் உடம்பு பிரமாதம் சார். சொல்லப்போனா உங்க தோள்தான் சரியில்லை." ராஜகோபாலனின் கையைத் தூக்கிப் பார்த்தார். "உங்களுக்கு வேணும்னா ஒரு நாற்பது சதவீதம் தர்றேன். பஸ்ல சலுகை உண்டு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ராஜகோபாலனைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர் அஃப்சருன்னிசா. அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். இந்தக் கதையில் நல்ல மனசோடு உதவ வந்த ஒரே அதிகாரி அவர்தான்; ஆகவே நிலைமை மோசமானதும் அவரால்தான்.

"உங்க பையன் எந்த வகையிலயும் வரலை சார். ஆனா எந்த வகையிலும் வராதவர்கள்னு ஒரு வகை இருக்கு. ரெண்டு வருஷம் முன்னால கோப்பு திறந்தாங்க. இதுவரைக்கும் அதுல ஒரு இல்லம்கூடப் பதிவாகலை. இல்லம் இல்லாததால வகையை நடைமுறைக்குக் கொண்டுவரலை. வகை நடைமுறைக்கு வராததால யாரும் இல்லம் ஆரம்பிக்கலை. ஒண்ணே ஒண்ணு பதிவானாப் போதும். உங்க வீட்டையே பதிவு பண்ணிடுங்களேன்."

"என் ஆத்தையா? அது வெறும் வீடும்மா."

"ஒருத்தர் இருக்கார். சாப்பாடு போடறீங்க. காவல் காக்கறீங்க. இதுக்குமேல இல்லம்னா என்ன சார்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதிவான இல்லத்துல நிர்வாகி காலமாயிட்டா, அரசு வேற நிர்வாகியைப் போட்டே ஆகணும். உள்ளே இருக்கிறவங்களை விட்டுட முடியாது. விதி பதினொண்ணு."

ராஜகோபாலன் அந்த விதியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இத்தனை இடம் அலைந்திருக்கிறார். அவருடைய கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பனகல் பூங்கா அருகே பஸ்ஸிலிருந்து இறங்கி, கிரீஷுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு மாதமும் வீடு அமர்க்களப்பட்டது. பெயர்ப்பலகை வேண்டும். சுவரில் வாராந்திர உணவுப் பட்டியல் ஒட்டவேண்டும். வருகைப் பதிவேடு, நெருப்பு அணைக்க மணல் வாளி, உள்ளோர் குறைகளைப் போடப் பூட்டிய பெட்டி. பணியாளர் பட்டியலில் சமையலர், காவலர், செவிலியர் என்று மூன்று இடத்திலும் முனியம்மாள் கைநாட்டு வைத்தாள்.

"மூணு வேலைக்கு மூணு ஆளாச்சே சாமி, நான் மட்டும் தனியா இன்னா பண்ணுவேன்?" என்றாள். "இத்தனை நாளா நீ அதைத்தானே பண்ணிண்டிருக்கே," என்றார் ராஜகோபாலன். அவள் யோசித்து ஒப்புக்கொண்டாள்.

ஆய்வுக்கு வரும் நாள் காலையில் முனியம்மாள் கிரீஷைக் குளிக்கவைத்து, ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். ராஜகோபாலனுக்கு ஷேவ் செய்துகொள்ள நேரமில்லை. ஸ்டூலில் ஏறிப் பெயர்ப்பலகையை மாட்டினார். இறங்கும்போது நெஞ்சு பிடித்துக்கொண்டது. மூலையில் கிடந்த நாற்காலியில் போய் விழுந்து, பனியன் நனைய, நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். வாசலில் ஜீப் வந்து நின்றது.

துணை இயக்குநரும் இரண்டு பேரும் இறங்கினார்கள். கதவைத் திறந்தது கிரீஷ்.

"வாங்கோ, வாங்கோ. உள்ள வாங்கோ. வெயில்ல வந்திருக்கேள்."

"நீங்கதான் நிர்வாகியா?"

"ரொம்ப நன்னா இருக்கேன். நீங்க எப்படி இருக்கேள்?"

துணை இயக்குநர் முகம் மலர்ந்தது. ஆய்வுக்குப் போன இடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உணவுப் பட்டியலைப் பார்த்தார், மணல் வாளியைப் பார்த்தார். கடைசியில் மூலை நாற்காலிக்கு வந்து நின்றார்.

"இவர் ஒருத்தர்தானா?"

"ஆமாம், ஆமாம்," என்றான் கிரீஷ்.

ராஜகோபாலன் கண்ணைத் திறந்தார். மாத்திரை இன்னும் கரையவில்லை. "நான்தான், நான்தான் நிர்வாகி," என்று குழறினார். "அவன் என் பிள்ளை."

துணை இயக்குநர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். உதவியாளரிடம், "எழுதிக்குங்க. உள்ளவர் தன்னை நிர்வாகியாகக் கருதுகிறார். எல்லா இல்லத்திலும் ஒருத்தர் இப்படி இருப்பார்," என்றார்.

"ஐயா, இன்னாய்யா நீ," என்று முனியம்மாள் முன்னால் வந்தாள். "பைத்தியக்காரன் மாரி எழுதிக்கினு போறே. சாமிதான் அல்லாத்தையும் பாத்துக்குது. அந்தத் தம்பிக்குத்தான் ஒண்ணியும் தெரியாது."

"அம்மா, பணியாளர்கள் நிர்வாகியைப் பற்றிப் புகார் சொல்வதாக இருந்தால் எழுத்து மூலமாகத் தரவேண்டும்," என்றார் அவர். பிறகு கூடத்தின் நடுவில் நின்று, அங்கிருந்த ஐந்து பேருக்கும் ஒரு சிற்றுரை ஆற்றினார். "இப்படிப்பட்ட இளைஞர்கள்தான் நாட்டுக்கு வேண்டும். பெற்ற பிள்ளைகளே கைவிடும் முதியவர்களை ஒரு தனிமனிதர் புன்னகையோடு பராமரிக்கிறார். அரசு என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள். அரசு இவரைப் போன்றவர்களைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதுவே முழுநேர வேலையாக இருக்கிறது." கிரீஷ் அவரை ஜீப்வரை கொண்டுவிட்டான். அவர்களோடு ஜீப்பிலும் ஏறிக்கொண்டான். களப்பணியில் இவ்வளவு ஆர்வமா என்று அவர்கள் சிரித்து இறக்கிவிட்டார்கள்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. நிர்வாகி: திரு. கிரீஷ். உள்ளோர்: ஒருவர், ராஜகோபாலன், வயது எழுபது.

ராஜகோபாலன் அதை எடுத்துக்கொண்டு அஃப்சருன்னிசாவிடம் ஓடினார். ஓடினார் என்று நான் சொல்வது ஆட்டோவில். அந்த அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"திருத்தலாம் சார். ஆனா நிர்வாகிதான் மனு கொடுக்கணும். தனக்கு நிர்வாகம் பண்ற அளவுக்குச் சுயநினைவு இல்லைன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அவனுக்குத்தான் சுயநினைவு இல்லையேம்மா. அவன் போட்ட கையெழுத்து செல்லுமா?"

"செல்லாது. அதனால ஆஸ்பத்திரி சான்றிதழ் இணைக்கணும்."

"அதுல குணமடைந்தார்னு இருக்கு."

"நீங்க மனு கொடுத்தா, உள்ளோர் மனு நிர்வாகி வழியாத்தான் வரணும்." அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார். படிக்க மனசில்லாமல் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். விதி பன்னிரண்டு: உள்ளோர் எவரும் எஞ்சியிராத நிலையில் இல்லம் மூடப்பட்டதாகக் கருதப்படும்.

அதாவது ராஜகோபாலன் செத்துப்போனால் அரசாங்கம் வருத்தம் தெரிவித்துவிட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடும். நிர்வாகி தன் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ராஜகோபாலன் விதியை மறுபடி படிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

நவம்பரில் ஒரு மழை விட்ட காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உயரமான ஒரு கிழவர் இறங்கி, உள்ளேயிருந்து ஒரு வாலிபனைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவர் கையில் அதே சூரிய உதயக் கையேடு, புதுப் பதிப்பு. நான்காவது பாதையில் 'இருப்பின்' என்ற சொல்லை எடுத்துவிட்டு இந்த வீட்டு விலாசத்தை அச்சிட்டிருந்தார்கள்.

"நிர்வாகி ஐயாவப் பாக்கணும்," என்றார். "நான் சிதம்பரநாதன். தி. நகர்ல பாத்திரக் கடை வச்சிருக்கேன். இவன் என் மவன் ஸ்ரீஹரி. கடைப் பரண்ல இருந்து விழுந்துட்டான். எட்டு மாசம் ஆச்சு."

கிரீஷ் முன்னால் வந்து, அவரை உட்காரவைத்து, சௌக்கியம் விசாரித்தான். ஊர் எது என்றான். தாமிரபரணிக் கரை என்று தெரிந்ததும், பேஷான இடமாச்சே என்றான். ஸ்ரீஹரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேப்பரில் பாதியைக் கொடுத்தான். இருவரும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிதம்பரநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிய நேரமாயிற்று.

"எட்டு மாசமா இப்படி ஒரு மொகத்த நான் பாக்கல," என்று கிரீஷிடம் சொன்னார். "எனக்கு எழுபத்தாறு. எனக்குப் பொறவு இவன் என்ன ஆவான்னு நெனச்சி நெனச்சி உறக்கமே கிடையாது. உங்களுக்குச் சின்ன வயசு. இனி நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

மூலை நாற்காலியிலிருந்து ராஜகோபாலன் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு பொய்யை யாராவது தனக்குச் சொல்லியிருந்தால் தானும் நிம்மதியாகப் போயிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அடுத்தவர் பிள்ளை விஷயத்தில் அவருக்கு மனசு வரவில்லை. எழுந்து போய், எதிரில் உட்கார்ந்து, தண்ணீர் லாரியிலிருந்து விதி பன்னிரண்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

சிதம்பரநாதன் கேட்டு முடித்தபின் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இந்த வீட்ல புத்தி நிதானமா இருக்கது நீங்களும் அந்த அம்மாவுந்தான்."

"ஆமாம்."

"உங்களுக்கு நெஞ்சு சரியில்ல."

"ஆமாம். உங்களுக்கு?"

"சுகர். போன தீவாளிக்கு லேசா ஒரு அட்டாக்கு வந்துட்டுப் போச்சு." அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஐயா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்கப்படாது. நம்ம ரெண்டு பேருல யாரு பிந்திப் போறமோ, அவிய ரெண்டு பிள்ளையளையும் பாத்துக்கிட்டா என்ன?"

ராஜகோபாலன் மனசுக்குள் கணக்குப் போட்டார். அதில் கிடைக்கப்போவது சில மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம் என்று அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒரு கிழவன் தலையில் இரண்டு பிள்ளைகள். அதற்கும் அப்புறம் இதே கேள்வி, கேட்க ஆளில்லாமல். ஆனால் இத்தனை மாதத்தில் வேறு யாரும் எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை.

உள்ளே போய் பீரோவிலிருந்து தன் ஈ.சி.ஜி. தாளை எடுத்துவந்தார். சிதம்பரநாதனும் மஞ்சள் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். கூடத்துத் தரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஜாதகம் பார்க்கிறவர்கள் மாதிரி குனிந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. காபி கொண்டுவந்த முனியம்மாளும் நின்று பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மாரிதான் கீது சாமி."

"நன்னாப் பாரு," என்றார் ராஜகோபாலன். "எதாவது ஒண்ணு கொஞ்சம் தேவலையா இருக்கணும்."